ஒவ்வொரு தாளாக

மில்வாக்கி நகரில் எங்கள் அச்சுத்தொழில் மாலை வகுப்பின் இயந்திரம் மறுபடி ஓடுகிறது. உடன் படிக்கும் வெண்டெலின் அத்தை ஒடெசாவுக்கு நாளைக் காலை இறுதி ஆராதனை. அதன் நிகழ்ச்சித்தாளுக்கு, மிஞ்சியிருக்கும் இருநூறு தாளும் வேண்டும். சற்றுமுன் குளிர்கால வறட்சியில் தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக ஏறிக் கசங்கியது, அடுக்கை நான் இடையில் காற்றுப் புக விசிறிவிடாமல் வைத்ததால்தான் என்று நினைக்கிறேன். இப்போது விசிறிவிட்டு, அருகில் ஈரத்துண்டு தொங்கவிட்டிருக்கிறேன். உறிஞ்சு குழல்களின் ரப்பர் வாய்கள் குனிந்து, ‘ப்ச்’ என்று மேல்தாளை மட்டும் கவ்வித் தூக்குகின்றன. அதன் அடியில் விளக்கொளி ஒரு கணம் நுழைகிறது. “பதினாலு, பதினஞ்சு…” என்று எண்ணுகிறேன். “எண்ணி எண்ணியே நீயும் செத்துடாத, மூச்சு விடுடா,” என்கிறான் வெண்டெல். “மறுபடி ரெண்டா வந்துட்டா?” என்கிறேன். “வராது. சர்ச் வாசல்ல அத்தை நின்னா ஒவ்வொருத்தராத்தான் உள்ள விடுவாங்க.” சர்ச்சில் வருவோரை வரவேற்று உட்காரவைக்கும் பணிக்கான வெள்ளைக் கையுறையுடன் சிரிக்கும் ஒடெசாவின் படம் ஒவ்வொன்றாகத் தட்டில் வந்து இறங்குகிறது. எண்ணுவதை நிறுத்துகிறேன்.