நல்ல காய்

"டொக்" என்றார் அவர்.

அறையில் இருந்தவர்கள் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொல்வது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் புரியும்.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். மற்ற சொற்களெல்லாம் போய், அந்த ஒரு சத்தம் மிஞ்சியிருந்தது. பொள்ளாச்சி தேங்காய் மண்டியில் முப்பது வருடம், விரல் முட்டியால் காயைத் தட்டித் தட்டிக் கேட்ட சத்தம்.

இழுத்துச் சொன்னால் தண்ணீர்.

அடுத்தடுத்து இரண்டு வந்தால் மின்விசிறியைக் குறைக்க வேண்டும். தொண்டைக்குள்ளேயே உருண்டால், எதிர்வீட்டுக்காரர் எழுந்து போனால் தேவலை என்று பொருள்.

அவள் குளித்துச் சேலை மாற்றி வரும்போது மெதுவாக ஒன்று சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று மகள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அவள் சொன்னதில்லை.

இப்போது சொன்னது வேறு.

வெட்டென்று வந்தது. மண்டியில் ஒரு காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் இடது பக்கம் உருட்டிவிடுவாரே, அந்த முகம்.

அவர் ஒதுக்கிய காயை வீம்புக்கு உடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஒன்றுகூட நல்லதாக இருந்ததில்லை.

கட்டிலுக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில், மகள் கூட்டி வந்த பையன். கோயம்புத்தூரில் அவளோடு வேலை பார்க்கிறவன். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

மகள் கோகிலவாணி காலையிலேயே சொல்லிவிட்டாள். அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம், அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று. சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவள், வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"அப்பா என்ன சொல்றாருங்மா?"

மகளின் நெற்றிப் பொட்டு கோணலாக இருந்தது.

"நல்ல காய்ங்கறாரு, கண்ணு."

அவர் மறுபடி சொன்னார். சத்தமாக. பிறகு இன்னொரு முறை, இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்துக்கொண்டு.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பாவுக்கு அவ்ளோ புடிச்சுப் போச்சுங்ளா?"

குனிந்து அவர் காலைத் தொட்டாள். பையனும் தொட்டான்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு அந்தச் சத்தமும் இல்லை. தண்ணீரை அவளே நேரம் பார்த்துக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, புதிதாக ஒன்றும் இல்லையே என்றார்.

அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் மகள் போன் செய்தாள். நிச்சயத்துக்குச் சேலை எடுத்தாயிற்று, படம் அனுப்பியிருக்கிறேன், அப்பாவிடம் காட்டுங்கள், அவர் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும் என்றாள்.

அவள் படத்தை அவருக்குக் காட்டினாள். போனை அவர் தலையணை மேல் வைத்தாள்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சுவரைப் பார்த்து நின்றாள். தொண்டையைக் கனைக்கக்கூடப் பயமாக இருந்தது.

"டொக்" என்றாள், அவர் குரலில்.

அந்தப் பக்கம் மகள் சந்தோஷத்தில் அழுவது கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. இமை துடித்தது.

பகலிலேயே இரண்டாம் முறை குளித்தாள். பீரோவின் அடியில் இருந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்து உடுத்தினாள். கொசுவம் கையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

வந்து கட்டிலுக்கு எதிரே நின்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.