ஆறாத விரல்

களைப்பைக் கொல்லும் ஊசி வந்த ஆண்டில், திருப்பூர் ஆலைகளில் வேலை முடியும் நேரத்துச் சங்கு ஊதப்படவில்லை. உழைப்புக்கு எல்லை எதற்கு என்று முழங்கிய முதலாளிகள், உயிரணுவுக்குள் இருந்த எல்லையையும் அழித்தார்கள்!

தையற்காரி பூங்கோதையின் விரலில் மிஷின் ஊசி ஏறி நாற்பது நாளாகியும் புண் மூடவில்லை.

மருத்துவர் மதிவதனி சொன்னார்: "புதுச் சதை வளர, புரதம் செய்யற ரைபோசோம் வேணுமுங்க. அதுக்கான மரபணுக்கள் உயிரணுவுல வரிசையா இருக்குது. ஒவ்வொண்ணோட முடிவுலயும் ஒரு புரதம் காவல் நின்னு, படியெடுக்கறதை நிறுத்தும். கம்பெனி போட்ட களைப்பு ஊசி அந்தக் காவலை எடுத்துருச்சு. படியெடுப்பு நிக்காம ஓடி, அடுத்ததோட தொடக்கத்தையே மிதிக்குது. அதான் ரைபோசோமும் சேரல, புண்ணும் ஆறல."

"நூலை வெட்டாம தெச்சாப்பல! என்ற துணியோட அடுத்தவ துணியும் சேர்ந்து பாழாப்போயிரும்" என்றாள் பூங்கோதை.

"அதேதான். முன்னது நின்னாத்தான் அடுத்தது தொடங்கும்."

மறுநாள், ஊசியின் இரண்டாம் தவணைக்குப் பெண்கள் ஆலையில் வரிசையாக நின்றார்கள்.

"கையைக் காட்டு அம்மிணி! இத்துனூண்டு புண்ணுக்கா பயந்துட்ட?" என்று, சட்டைக் கையை மடிக்காமல் நின்றவளைப் பார்த்து மேற்பார்வையாளர் சிரித்தார்.

பூங்கோதை விரலை மட்டும் நீட்டினாள்.

"நாளைக்கு வேலைக்கு ஆளு வேணும்னா, இன்னைக்கு எங்களை ஊட்டுக்கு உடுங்க."

அவளுக்குப் பின்னால் நின்றவள், ஊசிக்காக மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.