முதல் வெந்நீர்

கொரியாவின் சுன்சோன் நகரில் ஒரு சின்ன வீட்டின் தரைக்கடியில், குளிருக்கு அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பதிக்க, குவாங்சு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொதிகலன் தண்ணி மொதல்ல உங்க அறைக்குத்தான்மா வரும்."

"வேண்டாம் தம்பி. அக்கா அறைக்கு விடுங்க," என்றாள் இன்சுக்.

"அப்புறம் உங்களுக்கு ஆறிப்போய்த்தான் வரும். கூடப் பொறந்தவங்களா?"

"இல்ல. செத்துப்போன என் வீட்டுக்காரரோட மொத சம்சாரம். விவாகரத்து ஆனவங்க."

குவாங்சுவின் பென்சில் நின்றது. "அவங்க எப்படிம்மா இங்க?"

"போன வருஷம் எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. சொந்தக்காரங்க ஒதுங்கிட்டாங்க. இவங்கதான் தேடி வந்து ஒண்ணு குடுத்தாங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவ பேச்சைக் கேக்காதீங்க தம்பி. குளிர் தாங்காதவ அவதான். அவளுக்கே மொதல்ல விடுங்க."

குவாங்சு தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாளில், இரண்டு அறைக்கும் ஒரே நேரத்தில் வெந்நீர் போய்ச் சேரும்படி, சம நீளத்தில் இரண்டு தனிக் குழாய்கள் வரைந்தார்.