பால்துரையின் மறுப்பு

அது தன் மகள் செல்வமணி இல்லை என்றார் பால்துரை.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சாக்குத் துணி போர்த்திய உடலுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார்.

காலையில், மகள் வேலை பார்த்த விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்திருந்தது. உள்ளே கிடந்தவளுக்கு முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. பயந்து கருவேலங்காட்டுக்குள் ஓடிய பெண்களில் பலர் இன்னும் வீடு திரும்பவில்லை. பால்துரைக்கு அது போதும்.

திருத்தங்கலில் அச்சாபீஸ் வேலை அவருக்கு. ஊருக்குள் பெயர் மறுப்பு பால்துரை. உபதேசியார் பிரசங்கம் முடித்தாலும் எழுந்து நிற்பார், கட்சிக்காரர் மேடையை விட்டு இறங்கினாலும் எழுந்து நிற்பார். அவரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது.

மனைவி ஆரோக்கியம் மட்டும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியே குடும்பம் நடத்தியவள். உள்ளே வரப் பயந்து, வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

கம்பெனி ஃபோர்மேன் நாகையா ஒரு ஜோடிச் செருப்பைக் காட்டினார். அறைக்கு வெளியே கிடந்ததாம்.

எல்லோரும்தான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்றார் பால்துரை. வெடிச் சத்தம் கேட்டு ஓடுகிறவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டா ஓடுவாள்?

விரல் நகங்களில் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப் பொடி ஏறியிருப்பதைப் போலீஸ் ஏட்டு காட்டினார்.

இங்கிருந்து சாத்தூர் வரை எந்தப் பெண்ணின் நகத்தில் அது இல்லை என்றார்.

கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் சின்னச் சிலுவை.

மாதா கோயில் திருவிழாவில் கூடை கூடையாக விற்கிறது என்றார். மேடையில் பேசுகிறவர் மாதிரி உரக்கச் சொன்னார்.

நாகையா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆரோக்கியத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலையை இழுத்துச் செருகினாள்.

"அப்ப வாங்க, வீட்டுக்குப் போவோம். பிள்ள வந்து பூட்டுன கதவப் பாத்துக்கிட்டு நிக்கும்."

முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் ஆஸ்பத்திரி முற்றத்தில் வாசல் கேட்டைப் பார்த்து வேகவேகமாக நடந்தாள்.

பெயர் தெரியாத பெண் என்று ஏட்டு எழுதத் தொடங்கினார்.

பால்துரை அவர் கையைப் பிடித்தார். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை.

"செல்வமணின்னு எழுதுங்க. சத்தமா எதுவும் கேட்டுறாதீக ஐயா, அவ அம்மா கேட்டத் தாண்டட்டும்."