டைனோசரைக் கொன்றது யார்?

"கல்லே விழலைன்னு வச்சுக்குவோம்" என்றான் வில்பெர்த். "டைனோசர் வேற எதுலயாவது சாகட்டும்."

சாரத்தின் உச்சியில் நின்றிருந்த நெல்சி குனிந்து பார்த்தாள். அவள் உடம்பைச் சுற்றிக் கம்பியும் காகிதமும் ஒட்டிச் செய்த சிவப்பு விண்கல். தலையும் காலும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. கீழே மணலில் அவள் புருஷன், பச்சை வாலோடு, டைனோசர் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"ஒத்திகைக்கு லேட்டா வந்ததும் இல்லாம நியாயம் வேற பேசுறியா? தலையை மாட்டு. நான் குதிக்கணும்."

மெக்சிகோவின் யுகடான் கரையில் இருந்த அந்தச் சின்னத் துறைமுகத்தில், கார்னிவலின் கடைசி நாளன்று விண்கல் விழும். டைனோசர் சாகும். பிறகு விடிய விடிய ஆட்டம். மற்ற ஊர்களில் வைக்கோல் பொம்மையை எரித்துத் திருவிழாவை முடிப்பார்கள். இந்த ஊருக்கு டைனோசர்தான்.

இத்தனை வருஷமும் கல்லாகக் குதித்தவர் ஐஸ் வியாபாரி கஸ்பார். அவருக்கு முட்டி போய்விட்டது. பெண்பிள்ளை குதிப்பதா என்று கமிட்டி இழுத்தடித்து, போன வாரம்தான் நெல்சிக்குச் சம்மதித்தது. நாளைக்கு நாடகம்.

"உனக்கு என்னப்பா பிரச்சனை?" என்று கேட்டபடி மிர்னா டீச்சர் எழுந்து வந்தார். நாடகத்தை எழுதியதும் நடத்துவதும் அவர்தான்.

"டீச்சர், கல்லுதான் கொன்னுச்சுன்னு எல்லாரும் ஒத்துக்கலை. இந்தியாவுல எரிமலை லட்சக்கணக்கான வருஷமா கக்கிக்கிட்டே இருந்துச்சாம். அந்தப் புகையிலதான் செத்துச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. கடல்ல துளை போட வந்த விஞ்ஞானிங்களுக்கு என் படகுலதானே சாப்பாடு போச்சு? என் காதால கேட்டேன்."

"அந்த விஞ்ஞானிங்க எதுக்கு இங்க வந்து துளை போட்டாங்க?" என்று மேலிருந்து நெல்சி கேட்டாள். "கல்லு விழுந்த பள்ளம் இங்க இருக்கு. நீ நிக்கிறதே அதுக்குள்ளதான். எரிமலைன்னா இந்தியாவுக்கே போயிருப்பாங்களே."

கஸ்பார் தொடையில் தட்டிச் சிரித்தார். "துளை போட்டா பாரு, உன் பொண்டாட்டி."

வில்பெர்த் சிரிக்கவில்லை. "நெல்சி, இறங்கி வா. வீடு வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"இப்பவா? எதுக்கு?"

"ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன விஷயம்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா எல்லாரும் உன்னை மட்டும்தான் பார்த்தாங்க. நாளைக்கு ஊரே அண்ணாந்து என்னைப் பார்க்கும். அது உனக்குப் பொறுக்கலை."

அவன் வாலைக் கையில் பிடித்துத் திருகினான். அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பாவாடை கட்டிய வயதிலிருந்து கூட்டத்தில் நின்று இந்தச் சாரத்தைப் பார்த்தவள் அவள். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத அந்த ஒரு நொடிக்காகத்தான் கமிட்டிக்காரர்களின் வீட்டு வாசலில் எல்லாம் போய் நின்றாள். அதற்குச் சொந்தப் புருஷனே குறுக்கே நிற்கிறான்.

"சரி, எரிமலை வேணாம்" என்றான் வில்பெர்த். "தூரத்துல ஒரு நட்சத்திரம் வெடிக்குது. அந்தக் கதிர் பட்டு எல்லாம் செத்துப்போகுது. அப்படியும் ஒரு கட்சி இருக்கு."

"நட்சத்திரம் வெடிக்கிறதை எப்படி நடிச்சுக் காட்டுறது?" என்றார் டீச்சர்.

"சுலபம். விளக்கைப் போட்டு அணைச்சாப் போதும்."

"பனுச்சோ தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஜனம், கரண்ட் போச்சுன்னு எழுந்து வீட்டுக்குப் போயிடும்" என்றார் கஸ்பார்.

"அப்ப வால்நட்சத்திரத் தூசி. வானம் மூடிக்குது, இலை தழை எல்லாம் கருகிடுது. டைனோசர் பட்டினி கிடந்து மெதுவா, அழகா சாகுது. நான் பண்ணிக் காட்டுறேன்."

"நீ மெதுவா செத்ததைப் போன வருஷமே பார்த்தாச்சு. செத்த பிறகும் வாலை ஆட்டிக்கிட்டே கிடந்தே. நாய் வந்து மோந்து பார்த்துட்டுப் போச்சு" என்றார் கஸ்பார்.

டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "வில்பெர்த், கேட்டுக்க. நீ சாக மாட்டேன்னா வாலைக் கழட்டிக் குடு. சாகுறதுக்கு ஊர்ல ஆளா இல்லை?"

"நான் சாகுறேன் டீச்சர். எத்தனை தடவை வேணும்னாலும் சாகுறேன். கல்லு மட்டும் வேணாம்."

நெல்சிக்குப் பொறுமை போயிற்று. "கஸ்பார் அண்ணே, அந்த ஆளை இழுத்து நடுவுல நிறுத்துங்க. செத்தா சாகட்டும், சாகாட்டி போகட்டும். நான் குதிக்கப்போறேன்."

பலகையின் விளிம்புக்கு வந்து முட்டியை மடக்கினாள்.

வில்பெர்த் டைனோசர் தலையை மணலில் எறிந்தான். ஏணியில் தாவினான். பச்சை வால் ஒவ்வொரு படியிலும் அடித்துக்கொண்டு பின்னால் ஏறியது. மேலே வந்ததும் அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கீழே சிரிப்பு நின்றுவிட்டது.

"விடு. ஊரே பார்க்குது."

"பார்க்கட்டும்."

"என் மேல அவ்வளவு பொறாமையா உனக்கு?"

"கிளினிக்ல இருந்துதான் நேரா வர்றேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "உடம்பு அசதியா இருக்குன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணக் குடுத்துட்டு வந்தியே, ரிசல்ட் வந்துடுச்சு. வீட்டுல தனியா வச்சுச் சொல்லலாம்னா நீ விட மாட்டேங்கிறே. எட்டு வருஷமா வராத ஆள் வந்து உன் வயித்துக்குள்ள உட்கார்ந்திருக்கு, நெல்சி."

மறுநாள் மாலை, விண்கல் விழுந்த அதே பள்ளத்தின் நடுவே, கமிட்டியின் ஏகமனதான தீர்மானப்படி டைனோசர் எரிமலையால் செத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெடித்தவள் நெல்சி.