இரும்புக் குண்டும் இழுகயிறும்

ஆற்றில் பாலம் கட்டும் இடத்தில் ஓர் இரும்புக் குண்டு மரத்தூண்களை மண்ணுக்குள் அறைந்து இறக்கிக்கொண்டிருந்தது. கயிறு அதை மெல்ல மெல்ல உச்சிக்கு இழுக்கும். கொக்கி திறந்ததும் குண்டு பாய்ந்து விழும்.

"கண் இமைக்கும் நேரத்தில் நான் வேலையை முடிக்கிறேன். நீ ஊர்ந்து ஊர்ந்து இழுக்கிறாய். எல்லாத் தாமதமும் உன்னால்தான்" என்று குண்டு தினமும் அலுத்துக்கொள்ளும்.

ஒருநாள் கயிறு கேட்டது: "உச்சியில் சும்மா தொங்கும்போது உனக்கு எப்படி இருக்கும்?"

"உடம்பெல்லாம் ஏதோ நிறைந்த மாதிரி இருக்கும்."

"விழுந்த பிறகு?"

"ஒன்றும் இருக்காது. எல்லாம் என் வேகத்தில் போய்விடும்."

கயிற்றின் புரிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு குண்டை உச்சிவரை கொண்டுபோனது. அங்கே முற்றிலும் அறுந்தது.

குண்டு இடியாக விழுந்தது. தூண் ஒரு முழம் இறங்கியது. "பார்த்தாயா என் பலத்தை!" என்று கத்தியது.

சேற்றில் உருண்ட குண்டு மறுபடியும் பாய்ந்து பார்த்தது. விரற்கடை உயரம்கூட எழும்ப முடியவில்லை. பக்கத்தில் கயிறு கிடந்தது. அதன் பிய்ந்த நுனி இன்னும் சூடாக இருந்தது.

"ரொம்ப வலிக்கிறதா?" என்று முதல்முறையாகக் குண்டு கேட்டது.