நாலாயிரம் ரூபாய்க் கோடாலி

“நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு கோடாலியா? வூட்ல இருக்கிற பழசு...”

“இரு செல்வி. நம்ம அலெக்ஸு நாளைக்கு மொதமொதலா மரம் வெட்டப் போறான். பழசு ஆவாது.”

“ராத்திரி தொட்டியில ஊறப்போட்டா காம்பு இறுகிக்கினு நிக்குது! நீங்க அப்படித்தானே வெட்டினீங்க?”

திண்டிவனம் இரும்புக்கடையில் மாசிலாமணி தம்பியிடம் கோடாலியைக் கொடுத்தார். “நீ சொல்லு சவரி.”

சவரிநாதன் இரும்பைச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டான். கோடாலியின் வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவினான். காம்பை நீவினான்.

“நல்ல இரும்பு அண்ணே. வாய்தான் தடிப்பு, அரத்தால ராவணும். ஆப்பை மாத்திட்டா தலை கழண்டு வராது. வாங்கலாம்.”

“பாத்தீங்களா அண்ணி, புள்ளைக்குத்தானே?” என்று சிரிக்கவும் செய்தான்.

மாசிலாமணி பணத்தைக் கட்டிவிட்டு, வாசலில் தம்பியின் கையைப் பிடித்தார். “ரெண்டு படி இருக்குது.”

ஏழு வருடங்களுக்கு முன், அண்ணன் ஊறப்போட்டுக் கொடுத்த கோடாலியின் காம்பு நடுப்பகல் வெயிலில் காய்ந்து, ஓங்கும்போது தலை கழன்று நெற்றியில் அடித்தது. அன்றோடு சவரிநாதனுக்குப் பார்வை போயிற்று.

இரண்டாவது படியில் அவன் நின்றான்.

“என் கையில பழசைக் குடுத்தப்ப, இப்படி ஒண்ணு வாங்கணும்னு தோணலியா அண்ணே?”